மணியடிப்பான்

குளியலறை மூலையில் கிடந்த மரப்பலகையை ஹிசாமோரி ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் டார்ச் விளக்கை அடித்தார். பலகைக்கு அடியில் கூன் முதுகும் நீண்ட கால்களுமாக ஒரு பூச்சி அசையாமல் இருந்தது. அடுப்புக்குதிரை. அதற்கு இறக்கையே கிடையாது, எதை வைத்துப் பாடும்? பலகையைப் பழையபடி வைத்தார்.

முன்னறை ஜன்னலை அதற்கு முன்பே பார்த்திருந்தார். சட்டத்தின் இடுக்கில் சிவப்புப் புள்ளிவண்டுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. திரைச்சீலை மடிப்புகளில் நாற்றப்பூச்சிகள், கேடயம் போன்ற முதுகுடன், தொட்டால் வீடே நாறிவிடும் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்தன. மலையில் குளிர் இறங்கினால் இவையெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். எல்லாம் ஊமைகள். அவருக்கு வேண்டியது பாடுகிற பூச்சி.

காலையில் டாக்டர் வந்து போயிருந்தார். வாசலில் நின்று அவர் ஏதோ சொல்ல, மருமகள் சதோமி அதையே திருப்பிச் சொன்னாள். "இன்னிக்குன்னு வெச்சுக்கலாம், மிஞ்சினா நாளைக் காலைலங்கறீங்களா டாக்டர்?" மாமியாரின் கெட்ட பழக்கம் இவளுக்கும் தொற்றிவிட்டது என்று ஹிசாமோரி முகத்தைச் சுளித்தார். பிறகுதான் அவள் சொன்னதன் பொருள் உள்ளே இறங்கியது. ஆனாலும் முதுகை நிமிர்த்தி, டாக்டரின் கார் திருப்பத்தில் மறையும் வரை நின்று வழியனுப்பினார். குஸே குடும்பத்தார் தங்கள் வாசலில் விருந்தாளிக்கு முதுகு காட்டுவதில்லை.

உள்ளறையில் நுயி படுத்திருந்தாள். கண் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது உடம்பில் மிச்சம் இருந்தது காது மட்டும்தான். டாக்டர் போன பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"என்னங்க, பாடுதே, அது எது?"

அவர் "ம்ம்" என்றார்.

"வீட்டுக்குள்ள இருக்குங்க. இந்த ரூம்லதான் எங்கயோ. நாளைக்கு ஆளுங்க வருவாங்க. துடைப்பத்தைப் போட்டு மூலை முடுக்கெல்லாம் பெருக்குவாங்க. அதுக்குள்ள என்னன்னு பாத்து வெளிய விட்டுடுங்க."

நாளைக்கு யார் வருவார்கள், எதற்கு வருவார்கள் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"எதுன்னு சொல்லுங்களேன்," என்றாள் மறுபடி.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறையில் மட்டும் அல்ல. எத்தனையோ இலையுதிர்காலங்களாக எந்தப் பூச்சியின் குரலும் அவருக்குக் கேட்டதில்லை. முதலில் மெல்லிய குரல்கள் போயின, பிறகு தள்ளி நின்று பேசும் பெண்கள் குரல், பிறகு ஆண்கள் தாழ்ந்து பேசுவதும் போனது. உதட்டைப் பார்த்து, நேரம் பார்த்து, தலையை ஆட்டும் இடத்தில் ஆட்டி, அவர் சமாளித்துக்கொண்டிருந்தார். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மகனுக்குத் தெரியாது. நுயிக்கே தெரியாது என்றுதான் அவர் நம்பினார்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர் தகப்பனாருக்கும் நடு வயதிலேயே காது போயிற்று. கோயில் ஊர்வலத்தில் முதல் ஆளாக நடக்கிற உரிமை குஸே வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஊர்க்கூட்டத்தில் ஒருநாள், அந்த உரிமையை இனி வருடத்துக்கு ஒரு வீடாகச் சுற்றில் விடலாமா, பெரிய வீட்டய்யாவுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். மழையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்த தகப்பனார், "ஆமாமா, ரொம்ப நல்லது, ஊருக்கே நல்லது" என்று குனிந்து வணங்கிவிட்டார். கூட்டம் முழுக்கக் கைதட்டிற்று. கைதட்டல் எதற்கு என்று அவர் வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொண்டார். அந்த வருடத்திலிருந்து குஸே வீடு ஊர்வலத்தில் நடுவில் நடந்தது. பிள்ளைகள் அதைக் கல்காது வீடு என்றார்கள். கல்காது வீட்டுப் பையனாகப் பள்ளிக்கூடம் போனவர் ஹிசாமோரி. தன் பேரில் அது இரண்டாம் தடவை வரக் கூடாது என்று அவர் வைராக்கியமாக இருந்தார்.

நுயியின் பழக்கம்தான் அவருக்கு ஒரு தலைக்குனிவு. எங்கே போனாலும் அவர் இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, யார் என்ன சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்வாள். "பாலத்தை ரிப்பேர் பண்ணணும்ங்கறீங்களா?" "ஓ, பேத்தி பாஸ் பண்ணிட்டாளா?" ஊரில் அவளுக்கு எதிரொலியம்மா என்று பெயர். வீட்டுக்காரியைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதை எந்தக் கௌரவமான மனுஷன் தாங்குவான்? ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோர் எதிரிலும் அவர் சொல்லியே விட்டார். "நீ என்ன மலையா? சொன்னதையே சொல்லிட்டு!" பந்தி சிரித்தது. நுயியும் சிரித்தாள். அடுத்த ஆள் ஏதோ சொன்னபோது அதையும் திருப்பிச் சொன்னாள்.

இப்போது அவள் பூச்சியின் பெயர் கேட்டுக் காத்திருந்தாள். வருடா வருடம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவளே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வாள், அவர் ம்ம் கொட்டுவார். எது முதலில் வரும், எது கடைசி வரை தாக்குப் பிடிக்கும் என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எமவண்டாக இருக்கலாம். முகம் எமன் முகம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அந்தப் பெயரை இந்த அறையில் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"பாத்துட்டு வர்றேன்," என்று எழுந்தவர்தான் வீடு முழுக்கக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது சதோமி வெந்நீர்ப் பாத்திரத்துடன் எதிரே வந்தாள். ஒசாகாவில் அடுக்கு மாடியில் வளர்ந்தவள். கரப்பானைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள். அவளிடம் போய்க் கேட்பதா? ஹிசாமோரி தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சதோமி. இங்க வா. இந்த வீட்டுக்கு நீ வந்து எத்தனை வருஷமாச்சு?"

"ஏன் மாமா? பதினெட்டு."

"அத்தை ரூம்ல ஒரு பூச்சி பாடுது. எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படி மாமா தெரியும்!"

"அதான் பாத்தேன். வெளிய சொன்னா வெக்கக்கேடு. குஸே வீட்டு மருமகளுக்கு வீட்டுப் பூச்சி தெரியலையாம். வா, சொல்லித் தர்றேன். நல்லாக் கேளு. கேட்டு, அது எப்படிக் கத்துதோ அப்படியே கத்து."

சதோமி அவரை ஒரு கணம் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். இருவரும் உள்ளறைக் காகிதக் கதவுக்கு வெளியே மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ரீ... ரீ... ன்னு..."

"கந்தல்தைப்பான்," என்றார் உடனே. "குளிர் வருது, கந்தலைத் தைச்சு வைய்யின்னு பொம்பளைங்களுக்குச் சொல்ற பூச்சி. ஆனா அது வெளிய, கல்லு சந்துல இருக்கறது. நீ தோட்டத்துப் பூச்சியக் கேக்கறே. தப்பு. உள்ள கேளு."

அவள் கதவருகே இன்னும் நகர்ந்தாள். உதட்டைக் குவித்து, கொஞ்சம் வெட்கத்துடன், "டிங்," என்றாள். கொஞ்சம் விட்டு, "டிங்... டிங்... டிங்..." என்றாள்.

"இழுக்குதா, நறுக்குன்னு நிக்குதா?"

"நிக்குது மாமா. தனித்தனியா. பூஜை மணிய சின்னக் குச்சியால தட்டற மாதிரி. ரொம்ப தூரத்துல தட்டற மாதிரி."

"இன்னொரு தடவை."

"டிங்... டிங்... டிங்... டிங்..."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடத்துக்கு முன் கேட்டு நின்றுபோன ஒன்று எங்கிருந்தோ எழுந்து வந்தது. அது காதிலிருந்து வரவில்லை.

"மணியடிப்பான்," என்றார். "இது கூடத் தெரியலையா உனக்கு? எந்தப் பக்கம் கேக்குதுன்னாவது சொல்லு பாப்போம்."

"காலண்டர் பக்கம் மாமா."

தூணில் தொங்கிய காலண்டரை அவர் மெல்லத் தூக்கினார். பின்னால், ஆணிக்குக் கீழே, நகக்கண் அளவு பழுப்பு நிறப் பூச்சி ஒன்று. பாதி முதுகுக்கு மட்டும் இறக்கை.

"இவ்வளவூண்டா!" என்றாள் சதோமி. நாற்காலி தேடவில்லை.

தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பிடித்துக்கொண்டு அவர் நுயியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். கிண்ணத்தை அவள் காதருகே வைத்தார்.

"மணியடிப்பான்," என்றார்.

நுயியின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "பயந்து நிறுத்திடுச்சு," என்றாள். அவள் உதடுகள் வறண்டிருந்தன. அவற்றைப் படிக்க அவர் மிகவும் குனிய வேண்டியிருந்தது. "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

கதவருகே சதோமி நின்றுகொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கேட்டுச்சு," என்றார்.

"கேட்டுச்சு," என்றாள் நுயி. பிறகு, "வேலியில விட்டுடுங்க. குளிருக்கு முன்ன," என்றாள்.

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு, தோட்டத்துத் தேயிலைச்செடி வேலிக்குப் போனார். இந்தப் பூச்சிக்கு வேலிதான் சொந்த வீடு. அடர்ந்த கிளையாகப் பார்த்து, காற்று படாத பக்கமாகத் தேடி, கிண்ணத்தைச் சாய்த்தார். அது உடனே இறங்கவில்லை. விளிம்பில் நின்று மீசையை ஆட்டிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை. ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலை.

யாரோ கையைத் தொட்டார்கள். சதோமி. காலில் செருப்பில்லை. வெறுங்காலில் மண் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது.

"மாமா, வாங்க," என்றாள்.

"சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டியதுதானே," என்றார் அவர், வழக்கமான அதட்டலுடன்.

"கூப்பிட வேண்டாம்னு நேரா வந்துட்டேன் மாமா."

ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கான்பே பழக்கூடையுடன் ஏணியில் நின்றவர், சீமைப்பனிச்சைப் பழம் பறிப்பதை விட்டுவிட்டு, தாழ்வாரத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்திலிருந்து யாரோ உரக்க, பல தடவை, கூப்பிட்டால் மட்டுமே ஒரு மனிதர் ஏணியிலிருந்து அப்படித் திரும்பிப் பார்ப்பார். கான்பே தொப்பியைக் கழற்றித் தலையைத் தாழ்த்தினார்.

ஹிசாமோரி உள்ளே போனபோது நுயியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் கை போர்வைக்கு வெளியே, அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக, வந்திருந்தது. அதைப் பிடித்துப் பார்த்தார். இன்னும் சூடு இருந்தது.

"கடைசில என்னைக் கேட்டாளா?" என்றார்.

சதோமி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியாதபடி ஆட்டினாள். அவருக்குத் தலையாட்டல்களைப் படிக்கத் தெரியும். இதை அவர் படிக்கவில்லை.

குச்சியில் சுற்றிய பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, இறந்தவருக்குக் கொடுக்கும் கடைசித் தண்ணீராக, நுயியின் உதட்டைத் துடைத்தார். மகன் யசுஹிரோ கியோட்டோவிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தான். அவன் வரும் வரை காத்திருக்கலாமா என்று சதோமி கேட்டிருக்கக் கூடும். அவர் காத்திருக்கவில்லை. தலையை வடக்கே திருப்பிப் படுக்கவைத்தார்கள். சாமி மாடத்தை வெள்ளைக் காகிதத்தால் மூடினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சமையலறைக்குள் வந்தார்கள். துடைப்பங்களும் வந்தன.

மாலையில் கோயில் சாமியார் வந்தார். மெலிந்தவர், வாய்க்குள் பேசுகிறவர். ஹிசாமோரி கம்பீரமாக எதிரே உட்கார்ந்தார். சாமியார் உதடு அசைந்தது, தலை குனிந்ததால் படிக்க முடியவில்லை. அப்போது சதோமி வந்து ஹிசாமோரிக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி, உட்கார்ந்தாள்.

"அத்தைக்கு இனிமே புதுசா வைக்கிற பரலோகப் பேர்ல எந்த எழுத்தைச் சேர்க்கலாம்னு கேக்கறீங்களா சாமி?" என்றாள்.

"குஸே வீட்டுக்குத் தகுந்த மாதிரி இருக்கட்டும்," என்றார் ஹிசாமோரி.

சாமியார் ஏதோ சொன்னார்.

"வீட்டுக்கு இல்ல, அவங்களுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்ங்கறீங்களா? அவங்க எப்படி இருந்தாங்கன்னு மாமா சொல்லணுமா?"

குரல் சதோமியின் குரல். ஆனால் அந்த அளவு, அந்த இடைவெளி, கடைசி வார்த்தையை மட்டும் கொஞ்சம் தூக்கி அவர் பக்கமாகப் போடுகிற விதம், எல்லாம் அவருக்குப் பழக்கமானது. அவர் வாயைத் திறந்தார். நாளைக்குச் சொல்வதாகக் கையை மட்டும் காட்டினார்.

சாமியார் போன பிறகு, அவர் திரும்பாமலே கேட்டார். "யார் சொல்லித் தந்தா உனக்கு?"

சதோமி எழுந்து அவர் முகம் பார்க்கிற மாதிரி முன்னால் வந்து உட்கார்ந்தாள். வார்த்தைகளைத் தெளிவாக, தனித்தனியாகச் சொன்னாள்.

"அத்தைதான் மாமா. எப்பவும் இடப்பக்கம் உக்காரு, வலப்பக்கம் சுத்தமா போயிடுச்சுன்னு சொன்னாங்க. கேள்வி கேக்கற மாதிரி திருப்பிச் சொல்லு, அப்பத்தான் யாருக்கும் சந்தேகம் வராது. உன்னைப் பாத்து சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போறாங்கன்னாங்க."

வலது காது முழுக்கப் போய்விட்டது என்பது அவருக்கே தெரியாது. அவர் இரண்டு காதுகளையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார்.

பூச்சி எது என்று நுயி சதோமியிடமே கேட்டிருக்கலாம். சதோமி பக்கத்திலேயேதான் இருந்தாள். ஆனால் நுயி கேட்டது அவரிடம்.

மறுநாள் மாலை, இறந்தவர் அருகே இரவு விழித்திருக்கும் கண்விழிப்புச் சடங்குக்கு ஊரே வந்தது. கறுப்பு உடையில் வரிசையாக வந்து, நுயியின் படத்துக்கு முன் ஊதுவத்திப் பொடியைத் தணலில் தூவி, திரும்பி, துக்க வீட்டாருக்கு எதிரே மண்டியிட்டார்கள். இந்தப் பக்கத்து வழக்கம், துக்கச் சொல்லைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. "இந்த மாதிரி ஆயிடுச்சே..." என்று ஆரம்பித்து, குரலை விழுங்கி, முடிக்காமல் விட வேண்டும். முழுதாகச் சொல்பவன் மனதில் துக்கம் இல்லாதவன். குடும்பத் தலைவர் பதிலுக்குக் குனிய வேண்டும், அவ்வளவுதான். செவிடன் ஒருவன் கௌரவமாக உட்கார்ந்து எழக் கூடிய சபை உலகத்தில் உண்டென்றால் அது இதுதான். யசுஹிரோ வலப்பக்கம் இருந்தான், சதோமி இடப்பக்கம். ஹிசாமோரி குனிந்து நிமிர்ந்து குனிந்துகொண்டிருந்தார். வந்தவர்கள் வெளியே போய், இந்த வயதிலும் என்ன நிமிர்வு என்று பேசியிருப்பார்கள்.

கான்பே வந்தார். மனைவியை இழந்த மனிதர், சட்டை காலரைச் சரியாக மடிக்கத் தெரியாதவர். மண்டியிட்டார். வழக்கமான சொல்லைச் சொல்லி விழுங்கினார். ஹிசாமோரி குனிந்தார். ஆனால் கான்பே எழவில்லை. தலையைத் தாழ்த்தியபடியே இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உதட்டில் ஒரே ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. நுயி.

இடப்பக்கத்தில் சதோமி மூச்சை இழுத்தாள். "அத்தை வந்து—" என்று ஆரம்பித்தாள்.

ஹிசாமோரி அவள் முழங்கால் மேல் கையை வைத்தார். "நீ சொல்லாதே," என்றார்.

பிறகு இடது கையைத் தூக்கிக் காதின் பின்னால் குவித்து வைத்தார்.

"கான்பே," என்றார். தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அறை முழுக்கத் தலைகள் திரும்பியதை மட்டும் பார்த்தார். "எனக்குக் காது கேக்காது. ரொம்ப வருஷமா கேக்காது. நுயியப் பத்தி என்ன சொன்னே? கிட்ட வந்து சத்தமா சொல்லு."

கான்பே அவரையும், சாமியாரையும், பின்னால் நின்ற வரிசையையும் பார்த்தார். யசுஹிரோ "அப்பா" என்றான் போலிருந்தது. கான்பே முழங்காலாலேயே பாயில் நகர்ந்து வந்து, வாயை அவர் காதருகே கொண்டுவந்தார்.

"கத்திரிக்கா ஊறுகா!" என்று கத்தினார். "நுயியம்மா போட்டுக் குடுத்தது! நான் வேணாம்னேன்! தனி ஆளு எப்படித் திம்பேன்னேன்! கண்ணு தெரியாதவங்க தடவித் தடவி அடுக்குனாங்க! மேல அழுத்தற கல்லையும் அவங்களே வெச்சாங்க! பனி விழற வரைக்கும் திறக்காதேன்னாங்க! அந்தக் கல்லை நான் எப்படி எடுப்பேன், பெரிய வீட்டய்யா!"

யாரும் சிரிக்கவில்லை. சமையலறைக் கதவருகே பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். கான்பே முகத்தைத் துடைத்துக்கொண்டு, வணங்கி, எழுந்து போனார்.

ஹிசாமோரி முன்னால் சாய்ந்தபடியே இருந்தார். வரிசையில் அடுத்து நின்ற கிழவி மண்டியிட்டாள். வழக்கப்படி குரலைத் தாழ்த்துவதா, என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். அவர் காதின் பின்னால் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் கொஞ்சம் நகர்ந்து கிட்டே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.